திண்ணைப் பேச்சு: ஈர்க்கு வைத்த பக்கம்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். சம்பா அறுவடை முடிந்து, நெல் அறுத்த தாள்களுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டி நின்றது. கிளை நூலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைத் திண்ணையில் வழக்கம்போல பெரியவர்தான் முதல் ஆள். கையில் பூதக்கண்ணாடி, மடியில் பெரிய எழுத்துத் திருக்குறள்.

சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வாத்தியார் வந்தார். பணி ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் சட்டைப்பையில் சிவப்பு மை பேனா போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தையல்கார அக்காவும் தோளில் துணிப்பையோடு வந்து சேர்ந்தார். வீட்டில் தையல் மெஷின், கொல்லையில் நாலு ஆடு, வாய்க்கால் ஓரத்தில் முக்கால் ஏக்கர் நிலம். மூன்றுக்கும் நடுவில் கிடைக்கிற நேரம் படிப்புக்கு.

"தம்பி இன்னிக்கும் வரலையா?" என்று கேட்டார் பெரியவர்.

"மூணு வாரமாச்சு" என்றார் வாத்தியார். அக்கா ஒன்றும் சொல்லாமல் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வர்றப்ப வரட்டும். முதல்ல வாசகர் கடிதத்தைப் படிச்சிடுறேன்" என்று வாத்தியார் ஒரு அஞ்சலட்டையை எடுத்தார்.

"நாங்கள் நாலு சிறு விவசாயிகள். உங்கள் திண்ணையைப் பார்த்து நாங்களும் மாதம் ஒரு புத்தகம் மாற்றிப் படிக்கிறோம். ஆனால் படித்து முடித்ததும் சண்டைதான் வருகிறது. ஏட்டு விவசாயம் வயலுக்கு ஆகாது என்கிறார் ஒருவர். புத்தகத்தில் உள்ளபடியே முழுக்க மாறிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி? எங்கள் ஊர் நூலகத்தில் விவசாய நூல்களும் குறைவு. அதற்கு என்ன வழி?"

"நல்ல கேள்வி. எல்லாரும் படிச்சதைச் சொல்லி முடிச்ச பிறகு பதில் எழுதலாம்" என்றார் பெரியவர். "சாருக்கு இந்த வாரம் என்ன புத்தகம்?"

"கிங்னு ஒரு அமெரிக்க மண் ஆராய்ச்சியாளர் எழுதினது. இங்கிலீஷ் புத்தகம். 1909-ல சீனா, கொரியா, ஜப்பான் மூணு நாட்டுக்கும் போயி, நாலாயிரம் வருஷமா ஒரே மண்ணுல எப்படி வெள்ளாமை எடுக்குறாங்கன்னு பார்த்து எழுதியிருக்கார். 1911-ல புத்தகம் வந்துச்சு. பாவம், அதைப் பார்க்க அவர் இல்ல. அந்த வருஷமே இறந்துட்டார். அவர் மனைவிதான் அச்சுக்குக் கொண்டு வந்தாங்க."

"அப்படி என்னதான் பண்றாங்களாம்?"

"நிலத்துலேருந்து எடுத்ததை நிலத்துக்கே திருப்பிக் குடுத்துடறாங்க. வைக்கோல், சாம்பல், சாணம், வீட்டுக் கழிவு எதையும் வீணாக்குறதில்ல. வாய்க்காலைத் தூர்வாரி, அந்தச் சேத்தைச் சுமந்துட்டு வந்து வயல்ல போடுறதைப் பக்கம் பக்கமா எழுதியிருக்கார்."

பெரியவர் சிரித்தார். "இதுக்கு அமெரிக்காவுலேருந்து வரணுமா? கோடையில குளத்து வண்டலை எங்க அப்பா மாட்டுவண்டியில அடிக்காத வருஷம் கிடையாது."

"உண்மைதான் பெரியவரே. ஆனா உங்க அப்பா அதை எழுதி வைக்கல, கிங் எழுதி வச்சார். அதனாலதான் நூறு வருஷம் கழிச்சு இந்தத் திண்ணையில அதைப் பத்திப் பேசுறோம்."

"அக்கா?"

"ராஜம் கிருஷ்ணன் எழுதின 'பாதையில் பதிந்த அடிகள்' படிக்கிறேன். மணலூர் மணியம்மை கதை. நம்ம பக்கத்து விவசாயத் தொழிலாளிகளுக்காக நின்னவங்க. முடியைக் கிராப்பு வெட்டிக்கிட்டு, வேட்டி கட்டிக்கிட்டு, அந்தக் காலத்துலயே மிராசுதாருங்களை எதிர்த்து நின்னிருக்காங்க. எழுதினவங்களும் வீட்டுல உட்கார்ந்து எழுதல. ஊர் ஊராப் போயி, அந்த அம்மாவைத் தெரிஞ்சவங்களைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்காங்க. நேத்து ராத்திரி ரவிக்கை ஒண்ணு தைக்க வேண்டியது பாக்கி. புத்தகத்தைக் கீழ வைக்க முடியல" என்றார் அக்கா.

பெரியவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். "நான் உழவு அதிகாரத்தையே விட்டு நகரல. 104-வது அதிகாரம். அதுல ஏழாவது குறள். உழுது போட்ட புழுதி, நாலுல ஒரு பங்கா வத்துற அளவுக்குக் காயணும், அப்படிக் காஞ்சா ஒரு பிடி எரு போடாமலே பயிர் வரும்கிறார் வள்ளுவர். அதுக்கு அடுத்த குறள்லயே, ஏர் ஓட்டுறதைவிட எரு போடுறது நல்லதுன்னும் சொல்றார். ஒரு குறள்ல எரு வேண்டாம், அடுத்த குறள்ல எருதான் முக்கியம். எதை எடுத்துக்கிறது?"

"ரெண்டையும்தான். எந்த வயலுக்கு எதுன்னு பார்க்கிறது உழவன் வேலை" என்றார் வாத்தியார்.

அப்போதுதான் அக்கா துணிப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் திண்ணையில் வைத்தார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. போன வைகாசியில் நூலகத்திலிருந்து தம்பி எடுத்துப் போனது, அதன் பிறகு புதுப்பித்துப் புதுப்பித்து அவனிடமே இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தில் தென்னை ஈர்க்கு செருகியிருந்தது.

"தம்பி பொண்டாட்டி குடுத்தனுப்புச்சு. ரவிக்கை தைக்கக் குடுக்கிற மாதிரி வந்து, துணிக்குள்ள சுத்திக் குடுத்துச்சு. 'அவரு இதை அடுப்புல போடறேன்னாரு அக்கா. நான்தான் ஒளிச்சு வச்சேன். ராத்திரியில உட்கார்ந்து படிச்சேன். ஈர்க்கு வச்சிருக்கிற பக்கத்தை எல்லாரும் படிங்க. நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு'ன்னுச்சு."

திண்ணையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. தம்பியின் கதை அவர்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

தம்பி சிங்கப்பூரில் ஆறு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் நிலம். வாத்தியார்தான் அவன் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். ஜப்பானில் மசானோபு ஃபுகுவோகா என்ற விவசாயி எழுதியது. 1975-ல் ஜப்பானிய மொழியில் வந்து, பிறகு உலகத்தின் பல மொழிகளுக்கும் போனது. 1988-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நிலத்தை உழ வேண்டாம், இரசாயன உரமும் மட்கிய தொழு உரமும் வேண்டாம், களைக்காக மண்ணைக் கிளறவோ மருந்து அடிக்கவோ வேண்டாம், பூச்சிக்கொல்லியை நம்பியிருக்க வேண்டாம். இந்த நாலும்தான் அவர் சொன்ன அடிப்படை.

தம்பிக்கு அது நெஞ்சில் தைத்தது. உழவுக் கூலி, உரம், மருந்து என்று ஒவ்வொரு போகமும் கையிலிருந்து போகிற பணத்தை எண்ணிப் பார்த்தவனுக்கு, இது எதுவும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்! அந்தச் சம்பாவுக்கே மூன்று ஏக்கரில் இரண்டு ஏக்கரை அப்படியே விட்டான். உழவில்லை. நாற்றில்லை. நெல்லைக் களிமண் உருண்டைக்குள் வைத்து எறிந்தான். ஐப்பசி மழை வந்தபோது நெல்லுக்கு முன்னால் கோரை முளைத்தது. போன வருடம் ஏக்கருக்கு 28 மூட்டை கண்ட வயலில், இந்த வருடம் இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து 11 மூட்டை. மனைவியின் நகை கூட்டுறவு வங்கியில் இருந்தது. அன்றிலிருந்து அவன் திண்ணைக்கு வரவில்லை. அந்த வயலில் உளுந்தும் தெளிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான் என்று கடைத்தெருவில் பேச்சு.

"குடுத்தவன் நான்" என்றார் வாத்தியார். குரல் கம்மியிருந்தது. "புத்தகத்தைக் குடுத்தேன். கூட உட்கார்ந்து படிக்கல."

அக்கா ஈர்க்கு வைத்த பக்கத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் பெரியவர், "இன்னொரு தரம் படிம்மா" என்றார். இரண்டாவது தரமும் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க போகலாம். இது திண்ணையில பேசுற விஷயம் இல்ல."

தம்பி கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் கை நின்றது.

"வாங்க பெரியப்பா. வாங்க சார். உட்காருங்க அக்கா."

மனைவி பாய் எடுத்துப் போட்டாள். அக்காவின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் தம்பியின் முகம் மாறியது.

"இதை ஏன் கொண்டாந்தீங்க? என்னைக் கெடுத்ததே இதுதான். ஜப்பான்காரன் பேச்சைக் கேட்டு ரெண்டு ஏக்கரை இழந்தேன். ஊருல என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"யாரும் சிரிக்கல" என்றார் வாத்தியார். "தம்பி, இந்தப் புத்தகத்தைப் பூராப் படிச்சியா?"

"படிச்சேன் சார். ரெண்டு தரம்."

"ஆரம்பத்துல அவரோட அப்பா தோட்டத்தைப் பத்தி ஒண்ணு வருமே, ஞாபகம் இருக்கா?"

தம்பி யோசித்தான். "ஆரஞ்சுத் தோட்டம்னு வரும்."

"அந்தத் தோட்டம் என்ன ஆச்சு?"

அவன் பதில் சொல்லவில்லை. அக்கா புத்தகத்தைப் பிரிக்காமல், தான் படித்ததைத் தன் பேச்சிலேயே சொன்னார்.

"அவரு முதல்ல விவசாயியே இல்ல தம்பி. யோகோஹாமா துறைமுகத்துச் சுங்கத்துல, செடி நோய் பார்க்கிற ஆராய்ச்சி வேலை. 25 வயசுல அதை விட்டுட்டு ஊருக்கு வர்றாரு. இயற்கையை அப்படியே விட்டாப் போதும்னு நினைச்சு, அப்பாவோட ஆரஞ்சுத் தோட்டத்துல கவாத்து பண்றதை நிறுத்திடறாரு. என்ன ஆச்சு? கிளையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சு. பூச்சி விழுந்துச்சு. ஏறக்குறைய ரெண்டு ஏக்கர் மரம் பட்டுப்போச்சு."

"ரெண்டு ஏக்கரா?" தம்பி நிமிர்ந்தான்.

"ரெண்டு ஏக்கர்தான். உன் கணக்கு மாதிரியே."

"நான் இதைப் படிச்சேன் அக்கா. ஆனா..."

"படிச்சே. மனசுல ஏறல" என்றார் பெரியவர். "நமக்கு எது வேணுமோ அதுதான் நம்ம கண்ணுல படும். செலவு இல்லாம விளையும்னு எழுதின பக்கத்தை நீ பத்துத் தரம் படிச்சிருப்பே. மரம் செத்த பக்கத்தைத் தாண்டிப் போயிட்டே. உன்மேல தப்பு சொல்லல. நானா இருந்தாலும் அப்படித்தான் படிச்சிருப்பேன். ஒத்தை ஆளாப் படிச்சா அதுதான் நடக்கும்."

"மரம் பட்ட பிறகு அவரு என்ன பண்ணினாரு தெரியுமா?" என்றார் வாத்தியார். "ஊரை விட்டு மறுபடி வேலைக்குப் போயிட்டார். கோச்சி மாகாணத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்துல பூச்சி, நோய் பிரிவுல எட்டு வருஷம் வேலை. அதுக்கப்புறம்தான் ஊருக்குத் திரும்பி, நிதானமா ஆரம்பிச்சார். புத்தகம் எழுதுறப்ப அவர் வயலை உழாம விட்டுக் கால் நூற்றாண்டு ஆயிருந்துச்சு. நீ பார்த்தது அந்த இருபத்தஞ்சாவது வருஷத்து வயல். நீ செஞ்சது முதல் வருஷம்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவரும் வேலைக்குப் போனாரா?"

கதவோரம் நின்றிருந்த மனைவி மெல்லச் சொன்னாள்: "போனாருங்க. அதுக்காக நீங்களும் எட்டு வருஷம்னு கிளம்பிடாதீங்க."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தம்பியும்தான். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு என்று மனைவி பிறகு அக்காவிடம் சொன்னாளாம்.

"சரி, வயலுக்குப் போவோம்" என்று எழுந்தார் பெரியவர். "புத்தகத்தையும் எடுத்துக்க."

வெயில் தாழ்ந்திருந்தது. வரப்பில் நின்றபடி பெரியவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வாத்தியார் புத்தகத்தைப் புரட்டிப் பதில் தேடினார்.

"அறுத்த வைக்கோலை அவரு என்ன பண்ணுவாராம்?"

"அத்தனையையும் நறுக்காம அப்படியே வயல்லயே பரப்பிடுவார். அது மக்கறதுக்குக் கோழி எருவும் லேசாத் தூவுவார்."

"நீ என்ன பண்ணினே தம்பி?"

"மிஷின் வச்சுக் கட்டுக் கட்டி வித்துட்டேன் பெரியப்பா. கடனுக்கு வட்டி கட்டணுமே."

"அப்ப ஒத்தை வைக்கோல் புரட்சியில வைக்கோலே இல்ல. மண்ணு மொட்டையாக் கிடந்துச்சு. மொட்டை மண்ணுல களைதானே முதல்ல வரும்? சரி, களைக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

"வைக்கோல் மூடாக்கு ஒண்ணு. வெள்ளை குளோவர்னு ஒரு தீவனச் செடியை நெல்லுக்கு அடியில வளர விட்டுக் களையை அடக்குவார். அது பயறு இனம், மண்ணுக்குத் தழைச்சத்தும் குடுக்கும். ஜூன் மழையப்போ வயல்ல கொஞ்ச நாள் மட்டும் தண்ணி நிறுத்தி, அந்தச் செடியையும் களையையும் சோர்வடைய வைப்பார். அதுக்கப்புறம் நெல்லு மேல வந்துடும்."

"வெள்ளை குளோவர் குளிர் தேசத்துச் செடி. நம்ம சமவெளி வெயிலுக்குத் தாங்காது. உன் வயல்ல அதுக்குப் பதிலா என்ன இருந்துச்சு?"

"கோரை" என்றான் தம்பி.

பெரியவர் குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கினார். தண்டு கையோடு வந்தது, கிழங்கு மண்ணிலேயே தங்கியது. "பாரு, ஒரு கிழங்கு நின்னாப் போதும், பத்தாப் பெருகிடும். இந்த வயலுக்கு இந்த வருஷம் ஜப்பான்காரர் வேண்டாம். வள்ளுவர்தான் வேணும். கோடை மழை ஒண்ணு விழட்டும். நல்ல ஆழமா உழுது மண்ணைப் புரட்டிக் காயவிடு. மறுபடி ஒரு உழவு. கோரைக்கிழங்கு மேல வந்து வெயில்ல சுருங்கிடும். மண்ணுக்குள்ள இருக்கிற புழுவும் கூட்டுப்புழுவும் வெயில்லயும் கொக்கு, மைனா வாயிலயும் போகும். கோடை மழைத் தண்ணியும் உள்ள இறங்கும். அப்புறம் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை. 40, 45 நாள்ல பூவெடுக்கும்போது மடக்கி உழுதுடு. அடுத்த சம்பாவுக்கு அது போதுமான அடித்தளம்."

"அப்ப புத்தகம் தப்பா பெரியப்பா?"

"புத்தகம் தப்பில்ல. அங்க பாரு" என்று பக்கத்து வயலைக் காட்டினார் பெரியவர். அறுத்த நெல் தாள்களுக்கு நடுவே உளுந்து முழங்காலைத் தொட எட்டிக்கொண்டிருந்தது. "அது எப்ப விதைச்சது?"

"அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்னாடி. நெல்லு நிக்கும்போதே தெளிச்சாங்க."

"உழுதாங்களா?"

"இல்ல."

"எரு போட்டாங்களா?"

"அடியில எதுவும் போடல." சொல்லிவிட்டுத் தம்பி அப்படியே நின்றான்.

வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. "அடடே! ஃபுகுவோகா, நெல்லு நிக்கும்போதே அதுக்குள்ள பார்லி விதைப்பார். நம்ம ஆளுங்க நெல்லு நிக்கும்போதே உளுந்து விதைக்கிறாங்க. ரெண்டும் ஒரே வேலைதானே பெரியவரே!"

"அதைத்தான் சொல்றேன். சேறு மெழுகு பதத்துல இருக்கும்போது ஏக்கருக்கு 10, 12 கிலோ உளுந்தைத் தெளிப்போம். நெல்லு நிழல்ல அது முளைக்கும். நெல்லை அறுத்ததும் வெயில் பட்டு எழும்பும். அடி ஈரத்துலயும் மார்கழி, தை பனியிலயும் வளந்துடும். உழவில்லாத விவசாயம் நமக்கு ஜப்பான்லேருந்து வரல. நம்ம பாட்டன் காலத்துலேருந்து கையில இருக்கு. உன் வீட்டுலயும் இருந்துச்சு. நீ இந்த வருஷம் அதை விட்டுட்டே."

தம்பிக்கு அந்தப் பேச்சு உறைத்தது. ஆனால் அவமானப்பட்டவனின் முகம் இப்போது இல்லை. யாரோ தன் வீட்டில் தொலைந்துபோன பொருளை எடுத்துக் கொடுத்ததுபோல உளுந்து வயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் உன் உளுந்து என்ன கண்டுச்சு?" என்றார் அக்கா.

"பெருசா இல்ல அக்கா. பூ உதிர்ந்துபோச்சு."

"பூக்கிறப்ப ஒரு தரம், அதுலேருந்து 15 நாள் கழிச்சு ஒரு தரம் டி.ஏ.பி. கரைசல் அடிச்சுப் பாரு. ஏக்கருக்கு 4 கிலோ. முதல் நாள் சாயந்தரம் ஊற வச்சு, மறுநாள் தெளிஞ்ச தண்ணியை மட்டும் வடிகட்டி, மொத்தம் 200 லிட்டர் ஆக்கிச் சாயந்தர நேரத்துல அடி. நான் அடிச்சிருக்கேன். காய் நிக்கும்."

"அது ஜப்பான்காரருக்குப் பிடிக்காதே அக்கா" என்றான் தம்பி.

"அவருக்குப் பிடிக்க வேண்டியதில்ல. உன் நகைக்கடனை அவரு கட்டப்போறதில்ல" என்றார் அக்கா.

வாத்தியார் சிவப்புப் பேனாவை எடுத்துப் புத்தகத்தில் இருந்த நூலகச் சீட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதித் தம்பியிடம் காட்டினார். எந்த ஒரு முறையையும் வயலில் இறக்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்.

எந்த மண்ணில் செய்தது?

எந்த மழையில், எந்தக் குளிரில் செய்தது?

எத்தனை வருடத்தில் பலன் கண்டது?

தோற்றால் யார் வீட்டுப் பணம் போகும்?

"இந்த நாலுக்கும் பதில் தெரியாம ஒரு குழிகூட மாத்தாதே. பதில் தெரிஞ்சாலும் முதல்ல 10 சென்ட். பக்கத்துலயே இன்னொரு 10 சென்ட், வழக்கமான முறையில. ரெண்டுக்கும் ஒரே விதை, ஒரே நாள். செலவு, ஆள் கூலி, களை, விளைச்சல் எல்லாத்தையும் நோட்டுல எழுது. மூணு போகம் பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றார் வாத்தியார்.

"பத்து சென்ட்டுல தோத்தா அது பாடம். ரெண்டு ஏக்கர்ல தோத்தா அது கடன்" என்றார் பெரியவர்.

திரும்பும் வழியில் தம்பி வாத்தியாரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். "சார், பாஸ்போர்ட்டு வந்துடுச்சு. ஏஜென்ட்டுகிட்ட இன்னும் பணம் கட்டல."

"போறதும் போகாததும் உன் குடும்ப முடிவு தம்பி. கடன் இருக்கு, அதை நான் மறுக்கல. ஆனா தோத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டுப் போகாதே. நீ இன்னும் முடிக்கல, அவ்வளவுதான்."

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். "வட்டியைக் கட்டி நகையை மாத்தி வச்சுக்கலாம்னு சங்கத்துல கேட்டுட்டு வந்துட்டேங்க. போர் இருக்கிற ஒரு ஏக்கர்ல மாசிப் பட்டத்துக்கு எள்ளு போட்டா, வட்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆகும். சித்திரை முடியட்டும். அப்புறம் முடிவெடுக்கலாம்" என்றாள்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெரியப்பா, எள்ளுக்கு எத்தனை உழவு?" என்று கேட்டான்.

"புழுதி பொலபொலன்னு வர்ற வரைக்கும். தண்ணி மட்டும் தேங்க விடாதே" என்றார் பெரியவர்.

அடுத்த ஞாயிறு திண்ணையில் நாலு பேர் இல்லை, ஐந்து பேர். தம்பியின் மனைவியும் வந்திருந்தாள். வாத்தியார் அஞ்சலட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதினார். ஆளுக்கொரு வரி சொன்னார்கள்.

"அன்புள்ள வாசகருக்கு, உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஏட்டு விவசாயம் வேறொருவருடைய வயலில் விளைந்தது. அதை அப்படியே தூக்கி நம் வயலில் நட முடியாது. ஆனால் அந்த வயலுக்குப் போய்வர நமக்கு இருக்கும் மலிவான வண்டி புத்தகம்தான். எனவே சண்டை போடுவதை நிறுத்த வேண்டாம். ஒரே புத்தகத்தை நாலு பேரும் படியுங்கள். அந்த முறை எங்கே தோற்றது என்று ஆளுக்கொரு இடத்தைத் தேடிக் கொண்டுவாருங்கள். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும். படிக்கத் தெரியாதவர் இருந்தால் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வீட்டுப் பெண்களையும் உட்கார வையுங்கள். கடனைக் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள். தோற்ற பக்கத்தை முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவர்களாக இருக்கலாம்.

"நூலகத்தில் விவசாய நூல் இல்லை என்கிறீர்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தால் வந்த வரி. அதாவது உங்கள் ஊர் நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்திருக்கிறீர்கள். நாலு பேரும் உறுப்பினராகி, வேண்டிய நூல்களின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு நூலகரிடம் கொடுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் நூல் வரும்.

"எங்கள் பக்கத்து மேலவாசலில் 1931-ல் ஒரு மாட்டுவண்டி கிளம்பியது. வண்டி நிறையப் புத்தகம். கனகசபைப் பிள்ளை என்பவர் தொடங்கிய நடமாடும் நூலகம் அது. சீர்காழியில் பிறந்த நூலக மேதை அரங்கநாதன் வந்து தொடங்கி வைத்தார். மன்னார்குடியைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கு அந்த வண்டி புத்தகம் கொண்டுபோனது. நெல் ஏற்றுகிற வண்டியில் நூல் ஏற்றலாம் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஒரு துணிப்பை போதும்."

எழுதி முடித்ததும் வாத்தியார், "யார் கையில என்ன புத்தகம்?" என்று கேட்டார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நூலகத்துக்குத் திரும்பியிருந்தது. தாமதக் கட்டணத்தைத் தம்பியே கட்டிவிட்டான். அதை மறுபடி எடுத்துப் போகப் பெரியவர் முன்வந்தார்.

"எழுபத்தாறு வயசுல உங்களுக்கு எதுக்குப் பெரியப்பா?" என்றான் தம்பி.

"உன் பத்து சென்ட்டை யாராவது பக்கத்துல நின்னு பார்க்கணும்ல?" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஈர்க்கு அதே பக்கத்தில்தான் இருந்தது. அதை எடுக்காமல் முதல் பக்கத்தைப் பிரித்தார்.